போட்டோவுக்காக இன்னொரு குவாட்டர்

மாஸ்டர், அவனைத் திரும்பக் குடிக்க வைத்தது நீங்கள்தான். கூட்டாளிகள் இல்லை, சாராயக் கடை இல்லை, அவன் தலையெழுத்தும் இல்லை. உங்கள் கையால் பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தீர்கள். அதுவும் இரண்டு தடவை.

உங்களிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தீர்கள். அதனால் மற்றவர்களிடம் சொல்கிறேன். நீங்களும் படியுங்கள்.

நான் பழங்காநத்தத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். கல்யாணம் கட்டவில்லை. இருபது வருடத்துக்கு மேல் குடித்தேன். கடைசி வருடங்களில் காலையில் ஒரு கட்டிங் போடாமல் மிஷின் முன்னால் நிற்க முடியாது, கை அப்படி ஆடும். ஒரு நாள் இடது கைச் சுண்டுவிரல் நுனி போயிற்று. பட்டறை முதலாளி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் மாஸ்டரின் குடி மறப்பு சென்டரில் விட்டார். “மனுசனா வா. இல்லேன்னா வராத” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

சென்டர் என்பது தேனி ரோட்டுப் பக்கம் வாழைத்தோப்பை ஒட்டி, ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபம். மணமகன் அறையில் எட்டுப் பேர், மணமகள் அறையில் எட்டுப் பேர் படுத்திருந்தோம். பந்தி போடும் ஹாலில் வகுப்பு. மேடை அப்படியே இருந்தது, மேலே பிளாஸ்டிக் பூ வளைவோடு.

மாஸ்டர் அதற்கு முன்னால் பிளாட் விற்றுக்கொண்டிருந்தவர். ஏர்போர்ட் பத்து நிமிடம், ரிங் ரோடு ஐந்து நிமிடம் என்று பேசின அதே வாயால் எங்களுக்கு மூளையைப் பற்றிப் பேசினார். சுவரில் ஒரு படம், காலிஃபிளவரை வெட்டி வைத்த மாதிரி. அதன் நடுவில் சிவப்பு ஸ்கெட்ச்சில் ஒரு பொட்டு.

“இதுதேன் டோபமைன் தொட்டி. டோபமைன்னா என்னா? சந்தோச ரசம்! குடிச்சா தொட்டி ரொம்புது. நாம என்னா செய்யப்போறோம்? குடிக்காம ரொப்பப்போறோம்!”

எப்படி ரொப்புவது? காலை ஆறு மணிக்கு வாழைத்தோப்பைப் பார்த்து நின்றுகொண்டு கைதட்டிச் சிரிக்க வேண்டும். பதினாறு குடிகாரர்கள், பாதிப் பேருக்குக் கை நடுக்கம், வரிசையாக நின்று ஹா ஹா ஹா. பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார். சாயங்காலம் சுக்கும் துளசியும் கொதிக்கவைத்த தண்ணீர் ஒன்று கொடுப்பார்கள். அதற்குப் பெயர் டோபமைன் டீ. நானும் குடித்தேன். நம்பித்தான் குடித்தேன். லேத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலும் சாமானைத் தூக்கிக் கடாசுகிறவன், இந்தச் சுக்குத் தண்ணீரை ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் வாங்கக் கூடாது என்பது சென்டரின் சட்டம். ஒரு போதைக்கு இன்னொரு போதை மருந்தா என்று மாஸ்டர் கேட்பார். கைதட்டு விழும். அங்கே எல்லாவற்றுக்கும் கைதட்டு உண்டு.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதலை விழா. குடும்பங்கள் எல்லாம் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள். குடிக்காமல் சில மாதங்களைக் கடந்த ஒருத்தன் மேடை ஏறி, தான் எப்படிக் குடித்தான், எப்படிக் கெட்டான் என்று சொல்ல வேண்டும். முடிவில் ஒரு குவாட்டர் பாட்டிலைத் திறந்து எவர்சில்வர் அண்டாவில் ஊற்றிவிட்டு, இனி நான் உனக்கு அடிமை இல்லை என்று கத்த வேண்டும். நான் சேர்ந்த புதிதில் பாட்டிலில் சரக்கு இல்லை, அதே நிறத்தில் வரக்காப்பிதான் இருந்தது.

ஐந்தாவது மாதம் என்னை ஏற்றினார்கள். எனக்குப் பேச்சு வந்தது. அது எனக்கே தெரியாது. முதல் மடக்கு எப்படி எரிந்துகொண்டு இறங்கும், இறங்கின இடத்தில் எப்படிச் சூடு பரவும் என்று நான் சொல்லச் சொல்ல ஹால் மூச்சு விடாமல் கேட்டது. மாஸ்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் போட்டு ரோட்டோரத்தில் பிளெக்ஸ் வைத்தார்.

அந்தப் பெருமையில்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. காப்பி ஊற்றின பாட்டிலில் சீல் இருக்காது, திறக்கும்போது சத்தம் வராது. சீல் உடையும் சத்தம் மைக்கில் வந்தால் ஜனம் ஆடிப்போகும் என்றேன். மாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார்.

“சீல் வேணும்னா ஒரிஜினல் பாட்டிலுதேன் வேணும். வரட்டும். வாசனையும் வரும்ல. வாசனை வந்தாத்தேன் சனம் நம்பும்.”

அடுத்த மாதம் அசல் குவாட்டர் வந்தது. மைக்கை மூடிக்குப் பக்கத்தில் வைத்து நான் மெதுவாகத் திருகினேன். கடக் என்று இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் கேட்டது. மேடையிலிருந்து நான் ஒன்று பார்த்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த சென்டர் ஆட்கள் அத்தனை பேர் தொண்டையும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கியது. ஜனம் உருகுகிறது என்று நினைத்தேன். எச்சில் விழுங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் வாயிலும் எச்சில் ஊறியிருந்தது, அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மாப்ள அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். சொந்தக்காரன் இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறவன். ஆறு வயது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, போதையில் வண்டியை வாய்க்காலில் இறக்கிவிட்டான். பிள்ளைக்கு நெற்றியில் மூன்று தையல். மனைவி அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு மாதம் சுத்தமாக இரு, அப்புறம் வாரேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவனுக்கு உலகத்தில் வேறு பேச்சே கிடையாது. சாப்பிடும்போது, துணி துவைக்கும்போது, இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

“அண்ணே, நானும் மேடையில ஏறுவேனாண்ணே? அவ முன்னாடி ஊத்திக் காட்டணும்ணே.”

நான்தான் அவனுக்குப் பழக்கிவிட்டேன். வெறும் பாட்டிலை வைத்து, எப்படிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு மெதுவாகத் திருக வேண்டும், மைக் எங்கே இருக்க வேண்டும் என்று மணமகன் அறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரனுக்குப் பாட்டில் திறக்கச் சொல்லிக்கொடுத்தான். அதைச் சிகிச்சை என்று இருவரும் நம்பினோம்.

சென்டரை விட்டு வந்து பட்டறையில் சேர்ந்த பிறகும் விழாவுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நாலாவது தடவை ஊற்றிவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி பழங்காநத்தம் பஸ் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. சாராயக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று யோசிக்கக் கூட இல்லை. விரலில் இன்னும் அந்த வாசனை இருந்தது.

இரண்டு மாதம் குடித்தேன். மாஸ்டர் ஒரு தடவை போன் செய்தார். “மன உறுதி இல்லாத பய நீ” என்று வைத்துவிட்டார். பிளெக்ஸில் என் முகத்தின் மேல், அடுத்து ஊற்றப்போகிற மாப்ளயின் முகத்தை ஒட்டினார்கள். மன உறுதி இல்லாதவன் என்பதை நானும் ஒத்துக்கொண்டேன்.

மஞ்சள் காமாலை வந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் மனநலப் பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். டோபமைன் தொட்டி காலியாகிவிட்டது என்று நான் அவரிடமே விளக்கினேன்.

“டோபமைன்னா சந்தோஷம்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“மாஸ்டர் சொன்னாரு டாக்டர்.”

“என்ன மாஸ்டர்? பரோட்டா மாஸ்டரா?”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“கடைசியா குடிச்ச குவாட்டர் நல்லாருந்துச்சா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்ல டாக்டர். கசந்துச்சு. நல்லாருந்து பல வருசம் ஆச்சு.”

“அப்புறம் ஏன் குடிச்சீங்க?”

இருபது வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஏன் குடிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். நல்லாயிருந்ததா என்று கேட்டதில்லை.

“பிடிக்கிறது வேற, வேணுங்கிறது வேற. மூளையில ரெண்டுக்கும் வேற வேற வேலை நடக்குது” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குடித்ததும் வருகிற இதம் ஒன்று. மூளையே தனக்காகச் சுரந்துகொள்கிற அபின் மாதிரி ஒரு சரக்கு இருக்கிறது, எண்டார்ஃபின் என்று பெயர். சாராயம் அதைக் கிளப்பிவிடுகிறது. அந்த இதத்தில் பெரும்பங்கு அதனுடையது. டோபமைன் செய்வது வேறு. நடுமூளையில் ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. எதிர்பார்த்ததை விட நல்லதாக ஒன்று கிடைத்தால் அது முன்பக்கத்துக்கு டோபமைனை அனுப்பும். இதைக் குறித்து வைத்துக்கொள், மறுபடி தேடிப் போ என்பதுதான் அதன் பொருள். பிரியாணி முதல் தடவை பிரமாதமாக இருந்தால் அனுப்பும். அதே கடையில் பத்தாவது தடவை சாப்பிடும்போது, இது தெரிந்ததுதானே என்று அடங்கிவிடும். சாராயம் அடங்க விடாது. அது ருசியைப் பார்த்துக் கிளம்புவதில்லை, மருந்து போய்ப் பிடித்துத் தள்ளுகிறது. அதனால் எத்தனையாவது குவாட்டராக இருந்தாலும், எதிர்பார்த்ததை விட நல்லது என்றே மூளை எழுதிக்கொண்டு போகும். நாக்கு கசக்கிறது என்று சொல்லும். உள்ளே இருப்பது கேட்காது.

அதோடு நிற்கவில்லை. இப்படி வருடக்கணக்கில் வெள்ளமாக வந்தால், டோபமைனை வாங்குகிற இடங்களை மூளை குறைத்துக்கொள்ளும். அப்புறம் சின்னச் சந்தோஷம் எதுவும் உறைக்காது. பிள்ளை சிரித்தால் உறைக்காது, நல்ல சோறு உறைக்காது. குடியை நிறுத்தின ஒருத்தன் மாதக்கணக்கில் உப்பில்லாமல் சாப்பிடுகிற மாதிரி நடமாடுவது இதனால்தான். எங்களை வாழைத்தோப்பைப் பார்த்துச் சிரிக்கச் சொன்ன காலம் அது.

பிறகு டாக்டரம்மா சொன்னதுதான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது.

“கொஞ்ச நாள்ல அந்த டோபமைன் குடிக்கும்போது மட்டும் வராது. அதுக்கு முன்னாடியே வரும். கடையப் பாத்தா, வாசனை பட்டா, மூடி திருகுற சத்தம் கேட்டா வரும். நிறுத்தி ஒரு வருஷம் ஆனாலும் அந்தச் சத்தத்த மூளை மறக்காது. நீங்க வீம்புக்கு அதுகிட்டப் போகக் கூடாது.”

“டாக்டர், அந்தப் பாட்டிலத் தொறந்து கீழ ஊத்துனா?”

“யாரு?”

“குடிய விட்டவன். மேடையில. எல்லாரும் கைதட்டுவாங்க.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எந்தக் கிறுக்கன் அப்படிச் செய்யச் சொன்னான்?”

எண்டார்ஃபின் போய் உட்காருகிற இடத்தை அடைத்துவிடுகிற மாத்திரை ஒன்று இருக்கிறது, ஈரல் தேறினதும் தருகிறேன் என்றார். அதில் போதை கிடையாது, குடித்தாலும் பழைய இதம் வராது, வேணும் வேணும் என்கிற அரிப்பும் கொஞ்சம் குறையும். மாஸ்டர் எங்களை வாங்க விடாத மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

டிஸ்சார்ஜ் ஆன வாரம் மாப்ள போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் ஊற்றுகிறானாம். மனைவி பெட்டியோடு வருகிறாளாம், விழா முடிந்து அங்கிருந்தே மூவரும் வீட்டுக்குப் போகிறார்களாம். நான் வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

“அண்ணே, நீங்க விழுந்துட்டீங்க. அதுக்காக நானும் விழுவேன்னு சொல்லாதீங்கண்ணே.”

அன்றைக்கே சென்டருக்குப் போனேன். மாஸ்டர் மேடைக்குச் சீரியல் லைட் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். பாட்டிலில் வரக்காப்பியாவது ஊற்றுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன்.

“வாங்கய்யா விஞ்ஞானி! கீழ விழுந்தவன் வந்து நடக்கச் சொல்லிக்குடுக்குறான் பாருங்கடா” என்றார். லைட் கட்டுகிறவனும் சிரித்தான். “சத்தம் வேணும், சீல் பாட்டில் வேணும்னு சொன்னது யாரு? நீதேன். இப்பக் காப்பிங்கிற. முடிவாத்தேன் சொல்லேன்யா.”

சொன்னது நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன், கடைசி வரிசையில் நின்றேன். மாப்ளயின் மனைவி இரண்டாவது வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலுக்குப் பக்கத்தில் சூட்கேஸ், அதன் மேல் பிள்ளையின் ஸ்கூல் பை. அவன் புதுச் சட்டையில் இருந்தான். நன்றாகப் பேசினான். வாய்க்காலைச் சொன்னான், பிள்ளையின் தையலைச் சொன்னான். அவள் அழுதாள். மாஸ்டர் பாட்டிலைக் கையில் கொடுத்ததும், அவன் நான் பழக்கின மாதிரியே மைக்கைக் கிட்டத்தில் வைத்து, மெதுவாக, மிக மெதுவாகத் திருகினான்.

கடக்.

நான் எச்சில் விழுங்கினேன். அவன் ஊற்றினான். கை நடுங்கி, பாதி அண்டாவில், பாதி விரலில். ஹால் எழுந்து நின்று தட்டியது. சாராயத்தின் மேல் உள்ள கோபத்தில் கை நடுங்குகிறது என்று என் பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

அவன் கீழே இறங்கினதும் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பந்தி ஹால் குழாய்க்கு இழுத்துப் போனேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அவன் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அந்தக் கை சில்லென்று இருந்தது. ஒரு நிமிடம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது கிடைத்திருந்தால் மூவரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மைக்கில் மாஸ்டர் குரல் வந்தது. “தம்பி, இங்கிட்டு வா. போட்டோக்காரரு அந்த நேரம் பேட்டரி மாத்திட்டாராம். இன்னொரு தடவ ஊத்து. ஊத்துற போட்டோ இல்லேன்னா புதுப் பிளெக்ஸுக்கு என்னா செய்யிறது?”

“போகாத மாப்ள” என்றேன்.

“அவ பாக்குறாண்ணே” என்றான்.

போனான். இரண்டாவது பாட்டில் மேஜைக்கு அடியில் தயாராக இருந்தது, மாஸ்டரே எடுத்து அவன் கையில் கொடுத்தார். திருகினான். போட்டோக்காரர் பாட்டிலை மூக்குக்கு நேரே தூக்கச் சொன்னார், முகம் தெரிய வேண்டும் என்று. அப்படியே பிடி, அப்படியே பிடி என்று நாலைந்து எடுத்தார். பாட்டில் வாய்க்கும் அவன் மூக்குக்கும் ஒரு சாண் இருக்காது. பிறகுதான் ஊற்றச் சொன்னார்கள்.

அவன் இறங்கி வந்து, “ஒண்ணுக்குப் போயிட்டு வாரேண்ணே” என்றான். நான் பின்னாலேயே போனேன். அதற்குள் பின்வாசல் வழியாக வாழைத்தோப்பைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டான்.

அவள் மூன்று மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை அடுக்குகிறவர்கள் வந்து எழுந்திருக்கச் சொன்னபோது, சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். நான் அவனை ஆரப்பாளையத்தில் கண்டுபிடித்தேன். நான் நின்ற அதே கடைதான். பக்கத்து லாட்ஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, ருசியாவே இல்லண்ணே” என்று அழுதான். “சத்தியமா நல்லாவே இல்ல. ஆனா நிப்பாட்ட முடியலண்ணே.”

டாக்டரம்மாவிடம் நான் சொல்லத் தெரியாமல் விட்டதை அவன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான்.

அடுத்த விழாவில் மாஸ்டர் மைக்கைப் பிடித்துச் சொன்னாராம்: “பொண்டாட்டி புள்ள முன்னாடி சத்தியம் பண்ணிட்டு நேரா கடைக்குப் போனான் ஒருத்தன். அவனுக்கு வியாதி இல்ல. மனசு இல்ல.” இது அவள் காதுக்குப் போய்விட்டது. அங்கே இருந்த யாரோ வீடியோவாகவே அனுப்பியிருக்கிறார்கள்.

நான் அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். மாப்ள இப்போது என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறான், மாத்திரை சாப்பிடுகிறான் என்றேன். டோபமைன், சத்தம், வாசனை எல்லாம் சொன்னேன். அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“நானும் புள்ளையும் எதுத்தாப்புலதேன் உக்காந்திருந்தோம். எங்களப் பாத்துக்கிட்டேதேன் போனாரு. எங்கள விட அந்தக் கருமம் பெருசாப் போச்சுல்ல?”

“அப்படி இல்லம்மா. அது மூளையில...”

“இங்கிலீசுப் பேரா வச்சுச் சாக்குச் சொல்லாதீங்கண்ணே. நீங்களும் குடிக்கிறவுகதேன், அப்படித்தேன் சொல்லுவீக. அந்த மாஸ்டரே மைக்குல சொல்லிட்டாரு, மனசு இல்லன்னு. அவரு எம்புட்டுப் பேரப் பாத்திருப்பாரு.”

பிள்ளை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. நெற்றித் தழும்பு முடிக்குள் மறைந்திருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

அவன் தன் காலால்தான் நடந்து போனான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தது நான். அதையும் எழுதிவிட்டேன். மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான், மாஸ்டர்.

ரோட்டோரப் பிளெக்ஸை நேற்றுப் பார்த்தேன். மாப்ள முகத்தின் மேல் வேறு ஒருத்தன் முகம் ஒட்டியிருக்கிறது. ஓரம் பிய்ந்து, அடியில் மாப்ளயின் காது தெரிகிறது. அதற்கும் அடியில் நான் இருக்கிறேன். இந்த மாதமும் விழா வைத்திருக்கிறீர்கள்.

அவள் என்னை நம்ப மாட்டாள், புருஷனை நம்ப மாட்டாள். உங்களை நம்புகிறாள். அதனால் எனக்குப் போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அந்த விழாவில், அதே மேடையில், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், பேட்டரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் குடிக்காமல் இருந்த ஒருத்தன் மூக்குக்கு நேரே, பெண்டாட்டி பெட்டியோடு காத்திருக்கும்போது, ஒரு போட்டோவுக்காக இரண்டாவது பாட்டிலை ஏன் திறக்க வைத்தீர்கள்? அவள் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள்.